முன்னறிந்தால் மட்டும் போதுமா?

இதயத்தைப் பற்றிக் கவிஞர் எழுதிய காலம் உண்டு. இன்றோ இதயமே தன் நிலையை எழுதி அனுப்பும் காலம். 1958-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பாரின் உடலில் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டபோது, அக்கருவிக்குத் துடிப்பூட்ட மட்டுமே தெரியும். இன்றைய கருவிகள் சில, இதயத்தின் ஒலியையும் மூச்சின் வேகத்தையும் மார்பில் சேரும் நீரையும் அளந்து சொல்கின்றன. அவ்வளவுகளை ஒன்றுசேர்த்து, நோயாளி மீண்டும் மருத்துவமனைக்கு வர நேருமா எனக் கணிக்கும் முறைகளும் வந்துவிட்டன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயச் செயலிழப்பு முற்றிய நிகழ்ச்சிகளில் 100-க்கு 70-ஐ அத்தகைய முறையொன்று முன்னறிந்தது; அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றை ஒரு மாதத்திற்கும் முன்பே!

வியக்கத்தக்க வெற்றிதான். ஆயினும், அறிவது ஒன்று. காப்பது வேறொன்று அன்றோ?

அமெரிக்காவில் 550 நோயாளர்க்கு நுரையீரல் தமனியில் அழுத்தம் அளக்கும் சிறு கருவியைப் பொருத்தி ஆராய்ந்தனர். முடிவு 2011-இல் வெளிவந்தது. கருவி எல்லோர்க்கும் உண்டு. ஆனால் ஒரு சாராரின் அளவுகளை மட்டுமே மருத்துவர் கண்டு, மருந்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர். ஆறு திங்களில், அச்சாரார் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது, மற்றவரினும் 28 விழுக்காடு குறைந்தது. காத்தது கருவி மட்டுமன்று. அதைக் கண்டு செயற்பட்ட கையுமாகும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பொறி எதைக் கற்கிறது? அமெரிக்காவில் 2012 முதல், இதயச் செயலிழப்பு நோயாளர் 30 நாட்களுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால், மருத்துவமனைக்கு மெடிகேர் தரும் தொகை குறைக்கப்படுகிறது. எனவே ‘யார் திரும்புவார்?’ என்று கணிப்பதில் ஆர்வம் பெருகியது. ஆனால் திரும்பி வருவது நோயின் அளவாகுமா? அந்நாட்டில் பரவலாக வழங்கிய வேறொரு கணிப்பு முறை, மருத்துவச் செலவையே நோயின் அளவாகக் கொண்டது. கறுப்பின மக்களுக்காகச் செலவிடப்பட்டது குறைவு. ஆகவே அவர்கள் நோயும் குறைவென்று அது கணக்கிட்டது. அப்பிழையைத் திருத்தினால், கூடுதல் உதவி பெறுவோருள் அவர்களின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என்று 2019-இல் ஆய்வாளர் காட்டினர்.

இனி நம் நாட்டை எண்ணுங்கள். பேருந்துக் கட்டணத்திற்கும் இழக்கும் கூலிக்கும் அஞ்சி வீட்டிலேயே மூச்சுத் திணறுபவன், பதிவேட்டில் ‘திரும்பாதவன்’. அப்பதிவேட்டைப் படிக்கும் பொறி, அவனைக் குணமடைந்தவன் என்றே கற்கும். இறந்தவனையும் அவ்வாறே கற்கும்!

பொறியியல் பயிலும் நண்பர்களே, மருத்துவம் பயிலும் தோழர்களே! நாளை இத்தகைய பொறிகளைச் சமைக்கப் போகிறவர்கள் நீங்கள். வீடு திரும்பிய நோயாளியை 30-ஆம் நாள் தேடிச் சென்று நலம் கேட்கும் செவிலியர்க்கு முதலில் வழி செய்யுங்கள். அவர் கொணரும் உண்மையைப் பொறிக்குக் கற்பியுங்கள். வாராதவனையும் எண்ணத் தெரிந்த பொறியே ஏழையின் நாட்டுக்கு ஏற்ற பொறி.