பாட்டுப் பெட்டியும் ட்ரக்டர் பெட்டியும்

வைகாசி பிறந்தால் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ட்ரக்டர் பெட்டியில போகாத வன்னிப் பிள்ளைகள் குறைவு. வைக்கோலைப் பரப்பி, மேலே படங்கும் பாயும் விரிச்சு, நடுவில அம்மம்மாவை இருத்தினால் பஸ்ஸை விடச் சொகுசு எண்டு நாங்கள் இப்பவும் சொல்லுவம். ஆனா அந்தப் பெட்டியில பாரம் ஏத்திற விதத்தில எங்களுக்கு எங்களோடயே கோவம்.

தண்ணிப் பரல், அரிசி மூட்டை, ஜெனரேட்டர் எல்லாத்தையும் இறக்கச் சுகம் எண்டு பின்கதவடியில அடுக்குறம். பெட்டிச் சில்லுக்குப் பின்னால பாரம் கூடினால் முன்பக்கம் மேல எழும்பும். அதோட மெசினின்ர பின்பக்கமும் தூக்குப்படும், பின்சில்லுப் பிடி தளரும், வேகம் கூடக்கூடப் பெட்டி வாலாட்டும். நாங்கள் பழியை றோட்டில போடுவம். மொத்தப் பாரத்தில பத்தில ஒரு பங்கு, கொஞ்சம் கூடவாயும், கொக்கியில அமர வேணும். அதுக்குப் பாரமான சாமான் சில்லுக்குச் சற்று முன்னால வரவேணும். ஆக்களும் பாரம்தான், எல்லாரும் காத்துக்காகப் பின்னுக்குக் குந்தக்கூடாது. கொக்கி ஆணி கழராமல் ஒரு கிளிப், அது போனாலும் பிடிக்க ஒரு சங்கிலி.

பாட்டுப் பெட்டிக்கும் கலர் பல்புக்கும் காசு சேர்க்கிற எங்களிட்ட, பின்னுக்கு ரெண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டக் காசில்லையாம். இரவில ஏ35 றோட்டில பின்னால வாற லொறிக்காரருக்கு, பிள்ளைகள் நித்திரையாக் கிடக்கிற பெட்டி வெறும் இருட்டு. போன முறை எங்கட பெட்டியும் அப்பிடித்தான் போனது. இந்த முறை ஒட்டுறம். பாட்டுப் பெட்டி ஒண்டு குறையும்.