எத்தனை ரவுண்ட் அடிச்சனீங்க?

ட்ரையத்லனுக்குப் பயிற்சி எடுக்கிறம் என்று சொன்னால் எங்கட ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். நாங்களும் மாதக்கணக்கில் ரவுண்டுகளை எண்ணிக்கொண்டு இருந்தோம். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். கனக்க ஓடினால் ஓட்டம் திருந்தும். அதே கணக்கைத் தண்ணீருக்குள் கொண்டுபோனதுதான் பிழை. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த உடம்பை எவ்வளவு பலம் போட்டு இழுத்தாலும் தண்ணீர் விடாது. அதைச் சமாளிக்கக் காலை அடி அடியென்று அடித்தோம். கரையேறிச் சைக்கிளில் குந்தினால் தொடையில் ஒன்றும் மிச்சமில்லை.

இப்ப 1500 மீற்றரை நிற்காமல் நீந்துவதில்லை. 50 மீற்றர், சின்ன ஓய்வு, திரும்ப 50. களைத்துக் கை கோணத் தொடங்கினால் அன்றைக்குக் காணும். பிழையாக நீந்தினால் பிழைதான் பழகும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டு முடிக்க வேண்டும். இது ஒன்றுக்கே எங்களுக்கு மூன்று கிழமை போனது, வெட்கம்தான்.

பக்கத்தில் தடாகம் இல்லை என்ற கவலை நியாயமானது. ஆனால் பாசிக்குடா மாதிரி கனதூரம் ஆழமில்லாத கடல் இருந்தால், மாரி முடிந்து அலை அடங்கியபின், கரையில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் பழகலாம். கடலுக்கு அடியில் கறுப்புக் கோடு இல்லை. ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒருதரம் கண்ணை மட்டும் மேலே எடுத்துக் கரையிலுள்ள ஒரு தென்னையைப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வரும்.