மிதித்துப் பெறும் மின்சாரம்



முன்னாளில் நம் வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் மாலையில் இஞ்சின் ஓடினால்தான் லயங்களில் விளக்கெரியும். இரவு பத்து மணிக்கெல்லாம் அதுவும் நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்கே துணை. அவ்வொளியில் படித்தே நாமும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை சென்றோம். இன்றோ விளக்கேற்ற ஒரு விரல் போதும், அணைக்கத்தான் ஆளில்லை. அண்மையில் ஓய்வு வேளையில் பள்ளியைச் சுற்றி வந்தபோது, ஆளற்ற மூன்று வகுப்பறைகளில் மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

லக்னோவில் பிறந்து அமெரிக்காவில் தொழிலதிபராக உயர்ந்த மனோஜ் பார்கவா, 2015-ஆம் ஆண்டில் மின்சாரம் தரும் மிதிவண்டி ஒன்றை அறிமுகப்படுத்தினார். மிதித்தால் கனத்த சக்கரம் சுழலும். அது மின்னாக்கியைச் சுழற்றும். மின்சாரம் மின்கலத்தில் சேரும். ஒரு மணி நேரம் மிதித்தால் எளிய வீட்டிற்கு ஒரு நாளைய மின்சாரம் கிட்டும் என்றார். இது நமக்குப் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற நம் தந்தையரின் சைக்கிள் விளக்கு, டைனமோவால் எரிந்ததுதானே!

எனினும் கணக்கிட்டுப் பார்ப்போம். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரம் தளராது மிதித்தால் ஏறத்தாழ 75 வாட் தரலாம். மின்கலத்தில் ஏறி இறங்கும் வழியில் கழிவது போக, 50 வாட்-மணி எஞ்சினால் நன்று. அதில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரம் எரியும். 60 வாட் மின்விசிறியோ ஒரு மணி நேரம்கூடச் சுழலாது. 500 வாட் மின்பானையில் அரைமணி நேரம் சோறாக்க, ஐந்து மணி நேரம் மிதிக்க வேண்டும்! ஓர் அலகு சேர்க்க இருபது மணி நேரம் வேண்டும். 2014-ஆம் ஆண்டுக் கட்டணத்தில், முதல் 200 அலகுகளுக்கு அலகொன்றின் விலை 21.80 காசு மட்டுமே.

ஆகவே, கட்டணத்தைக் குறைக்கலாம் என்றெண்ணி வீட்டிற்கு இதனை வாங்குவது அறிவுடைமையாகாது. பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிய தந்தையையும், உதிரிப் பழம் பொறுக்கிய தாயையும் மாலையில் மிதிக்கச் சொல்வது தகுமா?

ஆயினும் பள்ளிக்கு ஒன்று வேண்டும் என்பதே நம் கருத்து. பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை உயர்த்தி நிறுத்தி, ஒரு மின்னாக்கியையும் 12 வோல்ட் மின்கலத்தையும் ஆசிரியர் மேற்பார்வையில் இணைக்கலாம். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர் முறைவைத்து மிதிக்கட்டும். மின்தடை நேரும் மழை நாளில் அவர்கள் சேர்த்த மின்சாரமே விளக்கேற்றும். அறிவியல் பாடமும் உடற்பயிற்சியும் ஒருங்கே அமையும்.

அதனினும் பெரும் பயன் ஒன்றுண்டு. அண்டையிலுள்ள காப்பாரில் நிலக்கரி எரிவதை நம் பிள்ளைகள் காண்பதில்லை. ஆதலின் மின்சாரம் சும்மா வருவதாக எண்ணுகின்றனர். கால் வலிக்க மிதித்த பிள்ளை, ஆளில்லா அறையில் விசிறியைச் சுழலவிடாது. பெற்றோரின் ஒரு நாள் கூலி எத்தகைய உழைப்பால் வந்தது என்பதையும் அப்பிள்ளை உணரும்.

வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய சைக்கிளைப் பெற்றோர் பள்ளிக்கு அளித்துதவ வேண்டுகிறோம். உழைப்பின் அருமையறிந்து நம் மாணவர் உயர்வாராக!