சேரி யாருடைய வகுப்பறை?

ஜூன் மாதம் பிறந்தால் வெளிநாட்டு மாணவர்கள் சேரிக்குள் வருவது தமிழகத்தின் பல ஊர்களில் பழகிப்போன காட்சி. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சமூகப்பணி முதுகலை படிப்பவர்கள், ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாகக் களப்பயிற்சிக்கு வருகிறார்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ தங்குகிறார்கள். மாலை நேரப் படிப்பு மையத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு சொல்லித் தருகிறார்கள். சுய உதவிக் குழுப் பெண்களைப் பேட்டி எடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையில் தங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

அந்த மாணவர்கள் மீது நமக்குக் கோபம் இல்லை. பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். நம் கேள்வியெல்லாம் அவர்களை அனுப்புகிற, வரவேற்கிற ஏற்பாட்டைப் பற்றியது.

அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் வாங்கக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 1000 மணி நேரம். இதில் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிக்கப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. கட்டணம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, மதிப்பெண் மாணவருக்குப் போகிறது. பாடம் நடத்தியது யார்? குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது, தலித் ஊராட்சித் தலைவருக்கு அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கிறதா, வன்கொடுமைப் புகாரைக் காவல் நிலையத்தில் வாங்க வைக்க எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பவர் சேரியிலேயே பிறந்து வளர்ந்த களப்பணியாளர் அக்காதான். அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வது நம் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன எம்.எஸ்.டபிள்யூ. மாணவி. அறிக்கையின் நன்றியுரையில் இந்த இருவரும் 'உள்ளூர் மக்கள்' என்ற சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள்.

சம்பளமில்லாக் களப்பயிற்சியை எதிர்த்து அந்த நாடுகளின் மாணவர்களே போராடி வருகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகச் சமூகப்பணி மாணவர்கள் களப்பயிற்சிக்கு ஊதியம் கேட்டுத் தொடங்கிய இயக்கம் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை முதல் சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சிக் காலத்தில் தகுதியின் அடிப்படையில் வாரந்தோறும் உதவித்தொகை தருகிறது. இந்தக் கோரிக்கையை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். களத்தில் கற்கிறவரின் உழைப்புக்குக் கூலி வேண்டும் என்றால், களத்தில் கற்பிக்கிறவரின் உழைப்புக்கும் கூலி வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வருகிற மாணவர்களுக்கு 'வறுமை' என்ற சொல்லைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். சாதி என்ற சொல்லைக் கொடுப்பதில்லை. வரவேற்கிற நிறுவனமும் பல இடங்களில் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பின்தங்கிய சமுதாயம்', 'விளிம்புநிலை மக்கள்' என்று பூசி மெழுகுவதோடு சரி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. சாதியைச் சொல்லாமல் ஒரு மாணவரை இப்படி ஓர் ஊருக்கு அனுப்பினால் அவர் என்ன எழுதுவார்? சுகாதார விழிப்புணர்வு தேவை என்று எழுதுவார். கை கழுவும் பயிற்சி நடத்திவிட்டுப் போவார். நோயைத் தவறாகக் கண்டுபிடித்தவர் கொடுக்கும் மருந்தும் தவறாகத்தான் இருக்கும்.

இந்த ஒருவழிப் பாதை இன்றைக்குப் போட்டதல்ல. இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். பாடத்திட்டமும் பெருமளவு அமெரிக்காவிலிருந்தே வந்தது. 1917இல் நியூயார்க்கில் வெளியான மேரி ரிச்மண்டின் 'சோஷியல் டயக்னோசிஸ்' நூலைப் பற்றி நம் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1916 மே மாதம், அதே நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையை வாசித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் கப்பலேறிப் போன அண்ணல் அம்பேத்கர்தான் அவர். தன் மக்களின் வாழ்க்கையை அறிவாக மாற்றி அமெரிக்க வகுப்பறையில் வைத்தார். நம் சமூகப்பணித் துறைகளில் ரிச்மண்டுக்கு ஓர் அலகு இருக்கிறது. அண்ணலுக்குப் பல இடங்களில் 'சமூகச் சீர்திருத்தவாதிகள்' பட்டியலில் ஒரு வரிதான் இருக்கிறது.

இன்று அந்தப் பாதையில் ஒரு தலித் மாணவர் போக முடியுமா? பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. மொத்தம் 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. 2022இல் அதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை நீக்கினார்கள். அதாவது, சாதியைப் பற்றி ஆய்வு செய்ய அந்தப் பணத்தில் நீங்கள் வெளிநாடு போக முடியாது. வெளிநாட்டு மாணவர் நம் சேரியைப் படிக்க வரலாம். சேரியின் பிள்ளை சேரியைப் படிக்க வெளியே போகக் கூடாது!

'அப்படியானால் யாருமே வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 1968இல் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் இவான் இல்லிச் இதைத்தான் சொன்னார். கிராம சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர்களிடம், உதவி செய்கிறோம் என்று இங்கே வரவே வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே பேசினார். அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் நாம் கதவைச் சாத்தினால் லாபம் யாருக்கு? 2001 டர்பன் மாநாட்டில் சாதி பற்றிப் பேசவே கூடாது என்று இந்திய அரசு நின்றபோது, அதை மீறி உலகத்தின் முன் வைத்தவர்கள் தலித் அமைப்புகள். உலகம் நம்மைப் பார்ப்பது நமக்குத் தேவை. யார் கண்ணாடி வழியாகப் பார்க்கிறது என்பதில்தான் நமக்குப் பேச்சு.

சரியாக வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த கெயில் ஓம்வெட் ஆய்வு மாணவியாக மகாராஷ்டிரத்துக்கு வந்தார். மராத்தி கற்றார். பிராமணரல்லாதார் இயக்கத்தைப் பற்றி ஆய்வு செய்தார். போராடும் மக்களோடு நின்றார், இந்தியக் குடியுரிமை பெற்றார், 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். எல்லாரும் ஆயுள் முழுக்கத் தங்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கற்க வருகிறோம் என்ற தெளிவோடு வரட்டும் என்கிறோம்.

நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, களத்தில் வழிகாட்டும் சேரிப் பணியாளருக்கும் மொழிபெயர்க்கும் மாணவருக்கும் ஊதியமும், பல்கலைக்கழகம் தரும் பயிற்றுநர் சான்றும் வேண்டும்.

இரண்டு, விமானம் ஏறும் முன்பே அந்த மாணவர்கள் சாதியையும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் அம்பேத்கரையும் படித்திருக்க வேண்டும். அந்த வகுப்பைத் தலித் செயல்பாட்டாளர்கள் நடத்த வேண்டும்.

மூன்று, அறிக்கை தமிழில் தெருவுக்குத் திரும்பி வர வேண்டும். மக்கள் கேட்டு, திருத்தி, ஒப்புக்கொண்ட பிறகே அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும். படமும் அப்படித்தான்.

நான்கு, வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் ஈடாக நம் மாணவர் ஒருவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் செலவில், அங்கே களப்பயிற்சிக்குப் போக வேண்டும்.

நான்காவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்கிறார்கள். நிறைய வேலை இருக்கிறது. சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய ஆண்டே தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. சாதி அங்கேயும் போய்க் குடியேறியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கச் சேரியில் வளர்ந்த மாணவரைவிடத் தகுதியானவர் யார்? கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் அவர்கள் கற்கவும் கற்பிக்கவும் ஏராளம் இருக்கிறது.

சமூகப்பணி படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் துறை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால், அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். உங்கள் பெயர் அதில் எங்கே இருக்கிறது, நம் தெரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், போகும் முன் நிபந்தனைகளைப் பேசுங்கள். நம் வாழ்க்கைதான் அவர்களுக்குப் பாடம் என்றால், ஆசிரியருக்குரிய மரியாதையை நாம் கேட்டு வாங்குவோம்.

ஜெய் பீம்!