அம்மாவுக்கு எந்தத் தீவு?

வெளியே மைனஸ் பதினெட்டு. கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு, டொராண்டோ ஆபீசில் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது நீலக் கடலும் வெள்ளை மணலுமாக ஒரு படம் அனுப்பினால், கை தானாக டிக்கெட் விலை பார்க்கப் போகும். நம்மில் பாதிப் பேர் தீவுப் பயணத்தைத் திட்டமிடுவது இப்படித்தான். 2019-ல் நானும் அதையே செய்தேன். எங்கே தப்பு செய்தேன் என்று சொல்லத்தான் இது.

சொந்த ஊர் திருவனந்தபுரம் ஆரியசாலை. சாலைக் கடைத்தெருவை ஒட்டி, தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற இடம். ("ஓ, நீங்க மலையாளியா?" என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை சாமி, இல்லை.) அங்கிருந்து சங்குமுகம் கடற்கரை ஆட்டோவில் போய் வருகிற தூரம்தான். ஆனாலும் அம்மா ஒருநாள்கூடக் கடலில் இறங்கியதில்லை. அம்மாவுக்கு அது பத்மநாபசாமி ஆறாட்டுக்குப் போகிற கடல். வருஷத்தில் இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், விமான நிலைய ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடிவிட்டு அதன் வழியாக ஊர்வலம் போகும். சாமி குளிக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்பது அம்மா கட்சி.

அதே விமான நிலையத்திலிருந்து மாலத்தீவுக்கு நேரடி விமானம் கிடைத்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பெரும்பாலான நாட்டுக்காரர்களுக்குப் போய் இறங்கியதும் விசா, காசில்லாமல். டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போகிற விடுமுறையிலேயே அதையும் சேர்த்துக்கொண்டால் அம்மா அப்பாவுக்கும் ஒரு மாற்றம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். தீவுதான் தப்பு.

நான் பிடித்தது தண்ணீருக்கு மேல் கம்பு நட்டுக் கட்டிய வீடு. படத்தில் பார்த்து மயங்கியது. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும் என்பது, மாலையில் போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதல் ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கழிந்தது. மறுநாள் போய்ச் சேர்ந்தால், சாப்பாட்டுக் கூடத்துக்கு மரப்பாலத்தில் ஒரு நடை. அப்பாவுக்கு மூட்டுவலி. கடலில் இறங்க செங்குத்தாக ஓர் ஏணி. சுற்றி எல்லாரும் நீச்சல் உடையில். அம்மா அறையை விட்டே வரவில்லை. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற சின்னப் பிள்ளையாரையும் ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள், வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால்.

"மக்களே, நாலு பக்கமும் தண்ணி. நான் காலை எங்கே வைக்கது?" என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டேன்.

மூன்று நாளும் அப்பா டிவி பார்த்தார். புகைப்படத்துக்குக்கூட ஷூவைக் கழற்றவில்லை. 2022-ல் அவர் போய்விட்டார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து போன கடைசிப் பயணம் அதுதான்.

அந்த வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பக்கத்து அறையில் ஒரு மாலத்தீவுக் குடும்பம். திருவனந்தபுரத்துக்கு இது புதிதல்ல, வைத்தியத்துக்கு அவர்கள் காலம் காலமாக வருகிற ஊர். அந்த அம்மாள் வந்து வந்து மலையாளம் பழகியிருந்தார். சாயங்காலம் எங்கள் தீவில் பெண்களெல்லாம் மரத்தடியில் ஜோலியில் உட்கார்ந்து பேசுவோம் என்று சொன்னாராம். ஜோலி என்றால் சட்டத்தில் கயிறு பின்னிய சாய்விருக்கை. ராத்திரி அம்மா என்னிடம் கேட்டார்கள்: "நாம போனது அவங்க ஊருக்குத்தானே? அங்கே ஒரு மனுஷரையும் பாக்கலியே?"

உண்மைதான். 1972-ல் அங்கே சுற்றுலா தொடங்கியதிலிருந்து, வருகிறவர்களுக்குத் தனித் தீவு, ஊர்க்காரர்களுக்குத் தனித் தீவு என்றுதான் ரொம்ப காலம் இருந்தது. 2010-ஐ ஒட்டித்தான் ஊர்த்தீவுகளில் விருந்தினர் விடுதிகள் பெருக ஆரம்பித்தன. சுமார் 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவான தீவுகளில். மாலேயிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிற மாஃபுஷி அதில் பேர்பெற்றது.

ஊர்த்தீவில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று ஒதுக்கிய கரை தவிர மற்ற இடங்களில் உடம்பை மூடித்தான் உடுத்த வேண்டும். பயண இணையதளங்கள் இதையெல்லாம் குறை என்று எழுதுகின்றன. நம் குடும்பத்துக்கு இதுதான் வசதி என்பது என் கட்சி. அங்கே பெண்கள் முழு உடுப்போடுதான் கடலில் இறங்குகிறார்கள். அம்மா நைட்டியோடு இறங்கினால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. மணலில் நடந்தே இறங்கலாம், ஏணி வேண்டாம்.

"நம்ம லட்சத்தீவு இருக்க மாலத்தீவு எதுக்கு?" என்று கேட்பீர்கள். 2024 ஜனவரி சண்டைக்குப் பிறகு எல்லாரும் கேட்கிறார்கள். அழகில் குறைவில்லை; மினிக்காய் தவிர மற்ற தீவுகளில் மலையாளம்தான், அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கும் பஞ்சமிருக்காது. ஆனால் அங்கே போக இந்தியக் குடிமக்களுக்கே அனுமதி வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டு, வெளிநாட்டவருக்கு விதியே வேறு. கொச்சியிலிருந்து கப்பலில் போனால் பல தீவுகளில் நடுக்கடலில் கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். அம்மா முழங்காலுக்கு அது ஆகாது. உங்கள் வீட்டில் எல்லாரும் திடமாக இருந்தால் தாராளமாகப் போங்கள்.

இந்தத் தடவை நானும் தங்கமணியும் படம் பார்க்கவில்லை. அம்மாவிடம் போனில் கேள்வி கேட்டோம். படகில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அரை மணி. குலுங்குமே? காலையில் போனால் சரி. மீன் வாடை? பழகினதுதான். அதற்குப் பிறகுதான் தேதி. நம் பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் லீவு, அங்கே அது தென்மேற்குப் பருவக்காற்று. கடல் அடங்கி இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச்சில் ஆற்றுகால் பொங்கல், அம்மா ஊரை விட்டு நகர மாட்டார்கள். ரமலான் மாதமென்றால் ஊர்த்தீவில் பகலில் சாப்பாட்டுக் கடை பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை அரசுப் படகு பெரும்பாலும் ஓடாது. எல்லாம் கழித்தால் மிஞ்சியது ஜனவரியில் ஒரு வாரம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும், போகட்டும்.

மூன்று ராத்திரி போதும். மற்ற நாள் ஆரியசாலை வீட்டில்.

வீட்டில் யார் மெதுவாக நடப்பார்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் காலுக்கு ஒத்துவருகிற தீவு மற்றவர்களுக்கும் ஒத்துவரும். பிள்ளைகளுக்கு எந்தத் தண்ணீரும் தண்ணீர்தான். அப்பாவிடம் நான் இதைக் கேட்கவில்லை.

நேற்று போனில் அம்மா சொன்னார்கள்: "கடல்ல இறங்க ரெண்டு நைட்டி தனியா எடுத்து வச்சிருக்கேன். உப்புத் தண்ணில சாயம் போனாலும் போகட்டும்."