எடைக்குப் போகும் நூல்கள்



கல்லூரி நூலகங்கள் சிலவற்றில், பத்தாண்டு ஆனாலே காலாவதி என்று எல்லாத் துறை நூல்களையும் எடைக்குப் போடுகிறார்கள். மென்பொருள் கையேடுகளுக்கு அந்தக் கணக்கு சரி; வால்வு ரேடியோ பழுதுபார்க்கும் புத்தகத்துக்காக நானும் வாதாட வரவில்லை.

ஆனால் பான்சேயும் சுகாத்மேயும் எழுதி, 1954இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட புள்ளியியல் நூலை எப்படி நீக்குவது? வயலின் ஒரு மூலை மேடு, இன்னொரு மூலை பள்ளம். இரண்டு நெல் ரகங்களின் விளைச்சலில் தெரியும் வித்தியாசம் ரகத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா? பாத்திகளைத் தொகுதிகளாகப் பிரித்து, எந்த ரகம் எதில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, அதைக் கண்டறியும் வழியை அந்நூல் கற்றுத் தருகிறது. மேடும் பள்ளமும் இன்றும் இருக்கின்றனவே!

ஷானன், வீவர் பெயர்களில் 1949இல் வந்த தகவல்தொடர்புக் கோட்பாட்டு நூலும் அப்படித்தான். இரைச்சல் மிகுந்த தடத்தில் பிழையின்றி அனுப்பக்கூடிய தகவலுக்கு அதில் வகுத்த உச்சவரம்பை இன்றைய கைபேசியும் தாண்டவில்லை.

நீக்கல் பட்டியலில் கையெழுத்து விழுமுன், அந்தந்தத் துறைப் பேராசிரியர் ஒருவர் அலமாரியைப் பார்க்கட்டும். இடம்தான் இல்லையென்றால், கேட்கும் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே.

ஓய்வுபெற்ற நூலகர்,
கோவை.