பழுது நீக்கும் கைகளுக்குப் பயிற்சி தருவது யார்?

பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் மோட்டார் மெக்கானிக் ஆவதற்கு நம்மிடம் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) ஈராண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்வது. மற்றொன்று, சாலையோரப் பணிமனையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடியே தொழில் கற்பது. முன்னதில் சான்றிதழ் உண்டு, கைப்பழக்கம் குறைவு. பின்னதில் கைப்பழக்கம் உண்டு, சான்றிதழ் இல்லை.

இந்த இடைவெளி நெடுங்காலமாக இருப்பதுதான். ஆனால், வாகனங்கள் மாறிவிட்டன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.-6 விதிகளுக்குப் பிறகு, புகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் பெரும்பகுதி சென்சார்களிடமும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியிடமும் சென்றுவிட்டது. இன்ஜின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் அனுபவசாலிக்கும் இன்று ஸ்கேனர் தேவைப்படுகிறது. மின்சாரக் கார்களின் பேட்டரியிலோ பல நூறு வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பழகிக் கற்க முயல்வது உயிருக்கே ஆபத்து.

இந்தப் பயிற்சிக்கான செலவை யார் ஏற்பது? பொருளியலில் இதற்கு விடை உண்டு. எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத் திறனைக் கற்பிக்கும் செலவை முதலாளி ஏற்கமாட்டார். கற்பவரே குறைந்த கூலியின் வடிவில் அதைச் சுமப்பார் என்று 1964-இல் வெளியான நூலில் விளக்கினார் கேரி பெக்கர். நம் பணிமனைகளில் நடப்பது இதுவே. கற்றுத்தேர்ந்த பையன் அடுத்த தெருவில் கடை போட்டுவிடுவான் என்பது உரிமையாளரின் நியாயமான அச்சம். ஏழை வீட்டுப் பிள்ளை பல ஆண்டுகள் சொற்பக் கூலியில் உழைத்து அந்தச் செலவைச் செலுத்துகிறான்.

தமிழக அரசு 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து ரூ.2,877 கோடியில் நவீனப்படுத்தும் திட்டத்தை 2022-இல் தொடங்கியது பாராட்டத்தக்கது. மத்திய அரசின் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டமும் உதவித்தொகையில் ஒரு பங்கை ஏற்கிறது. ஆயினும், பழகுநர் விதிகளின்படி குறைந்தது நான்கு பணியாளர்கள் உள்ள நிறுவனமே பழகுநரை அமர்த்த முடியும். முதலாளியும் இரண்டு உதவியாளர்களும் மட்டுமே உள்ள சாலையோரப் பணிமனை இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. அதாவது, பயிற்சி உண்மையில் நடக்கும் இடத்தைச் சட்டம் பயிற்சிக்கூடமாகவே கருதவில்லை.

ஜெர்மனியில் வாகன மெக்கானிக், வாகன எலக்ட்ரீஷியன் ஆகிய இரு தொழில்களையும் 2003-இல் ஒன்றாக்கி, மூன்றரை ஆண்டுப் பயிற்சியாக வகுத்தனர். பழகுநர் பணிமனையில் வேலை செய்தவாறே தொழிற்பள்ளியிலும் படிக்கிறார். சிறு பணிமனைகளும் இந்த ஏற்பாட்டில் பங்கேற்கின்றன.

அதை அப்படியே இங்கு நகலெடுக்க இயலாது. எனினும் மூன்று செயல்களை உடனே தொடங்கலாம். முதலாவது, நவீனப்படுத்திய ஐடிஐக்களை மாலை வேளையிலும் வார விடுமுறையிலும் பணிமனை இளைஞர்களுக்குத் திறந்துவிடுவது. அங்குள்ள கருவிகள் மாலையில் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரே பகுதியின் சிறு பணிமனைகளை ஒரு குழுவாகப் பதிவுசெய்து, அக்குழு பழகுநர்களை அமர்த்த வழிசெய்வது. மூன்றாவது, பழுதறியும் கருவிகளும் தொழில்நுட்பக் கையேடுகளும் நியாயமான விலையில் எல்லாப் பணிமனைகளுக்கும் கிடைக்கச் செய்வது. உதிரி பாகங்களையும் இத்தகைய கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் முடக்கியதற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். கருவியே கைக்கு எட்டாத இடத்தில் எந்தப் பயிற்சியும் பயன் தராது.

கார் உற்பத்தியில் தமிழகம் முன்னணியில் இருப்பதாகப் பெருமைப்படுகிறோம். ஆலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு வாகனமும் பல ஆண்டுகளுக்குப் பராமரிப்பைக் கோரும். அந்த வேலைவாய்ப்பு நிறுவனங்களின் சேவை மையங்களுக்குள் மட்டும் சுருங்கப் போகிறதா, ஊர்தோறும் பரவப் போகிறதா என்பது இன்றைய பயிற்சிக் கொள்கையைப் பொறுத்தது. தொழிலாளர் நலத் துறையும் தொழில் துறையும் சேர்ந்தமர்ந்து இதற்கு விடை காண வேண்டும்.